மதுரையின் டெபாசிட் கணக்கை எப்படிப் படிப்பது?

ஒவ்வோர் ஆண்டும் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் வங்கியாளர் கூட்டம் நடக்கும். மாவட்டத்தின் முன்னோடி வங்கியான கனரா வங்கி தயாரித்த ஆண்டுக் கடன் திட்டத்தைக் கலெக்டர் வெளியிடுவார். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வரும்: மொத்த டெபாசிட் இத்தனை கோடி, வழங்கிய கடன் இத்தனை கோடி, சென்ற ஆண்டைவிட இத்தனை சதவீதம் கூடுதல். படிப்பவருக்கு ஊர் செழிக்கிறது என்ற நிறைவு வரும்.

அந்த நிறைவை அவசரப்பட்டு அடைய வேண்டாம் என்பேன். ஒரு மாவட்டத்தின் மொத்த டெபாசிட் குறைவது மிக அரிது. மழை பொய்த்தாலும் ஏறும், மில் மூடினாலும் ஏறும், கடைத்தெரு ஓய்ந்தாலும் ஏறும். எப்போதும் ஏறுகிற எண் ஏறியிருக்கிறது என்று சொல்வதில் செய்தி எதுவும் இல்லை. அதே சமயம், அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேறு எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாத பலவற்றை அது சொல்லும். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதோடு, அது எந்த வரத்துக்கால் வழியாக வந்தது, எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போனது என்பதும் தெரிந்தால்தான் ஆயக்கட்டின் நிலை தெரியும். டெபாசிட்டும் அப்படித்தான். யாருடைய பணம், எந்த வகைக் கணக்கில் கிடக்கிறது, எங்கே கடனாகப் போனது: இந்த மூன்றையும் கேட்காமல் மதுரையின் பண நலத்தைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதே ஆண்டில் முன்னோடி வங்கித் திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு வங்கி பொறுப்பேற்று, எங்கே கிளை இல்லை, எங்கே கடன் போகவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பார்ப்பதற்குக் கணக்கு வேண்டுமே. 1972 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அடிப்படைப் புள்ளிவிவரப் படிவ முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு கிளையும் தன் டெபாசிட்டையும் கடனையும் ஒரே மாதிரியான படிவங்களில் அனுப்பும் வழக்கம் அப்போது பிறந்தது. முதல் படிவத்தில் கடன், இரண்டாம் படிவத்தில் டெபாசிட், ஏழாம் படிவத்தில் காலாண்டு மொத்தம். இன்று ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தில் மாவட்டவாரியாக யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய அட்டவணைகளுக்கு இதுதான் மூலம். அரை நூற்றாண்டுக்கு மேல் அறுபடாமல் வரும் இப்படியொரு பதிவு மாவட்ட அளவில் அபூர்வம். மாவட்ட உற்பத்தி மதிப்பு தாமதமாக வருகிறது, பெரும்பகுதி மதிப்பீடு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். வங்கிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ரூபாய்க்கு ரூபாய் எண்ணப்பட்டு வருகிறது.

ஆனால் அறுபடாமல் வருவதாலேயே ஒரே பொருளைத்தான் அளந்து வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. "மதுரை மாவட்டம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் அந்தச் சொல்லுக்குள் பழனியும் ஒட்டன்சத்திரமும் கொடைக்கானலும் இருந்தன. கம்பமும் போடியும் இருந்தன. 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமானது. 1996-97இல் தேனி பிரிந்தது. ஏலக்காய் வியாபாரம் நடக்கும் போடி, திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கு, தோல் பதனிடும் திண்டுக்கல் எல்லாம் கணக்கிலிருந்து வெளியேறின. 1980களின் தொடக்கத்தையும் 2000ஐயும் ஒரே கோட்டில் வரைந்தால், நடுவில் இரண்டு இடங்களில் ஊர் நலிந்ததுபோல ஒரு பள்ளம் விழும். நலிவும் இல்லை, ஒன்றும் இல்லை. கோடு கிழித்தவர்கள் மாறினார்கள், அவ்வளவே. நீண்ட காலத்துக்கு ஒப்பிட வேண்டுமென்றால் மதுரை, திண்டுக்கல், தேனி மூன்றையும் கூட்டிப் பழைய மதுரையாக வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

நகரத்துக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. ரிசர்வ் வங்கி ஊர்களை மக்கள்தொகையை வைத்து நான்காகப் பிரிக்கிறது. 10,000க்குக் கீழே கிராமம், 1 லட்சம் வரை சிறுநகர், 10 லட்சம் வரை நகரம், அதற்கு மேல் பெருநகரம். 2001 மக்கள்தொகைக் கணக்கில் மதுரை மாநகராட்சியில் 9.28 லட்சம் பேர், 2011இல் 10.17 லட்சம். 10 லட்சம் என்ற வரம்பை ஊர் தாண்டியது அந்தப் பத்தாண்டில்தான். 2011இலேயே மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்து அவனியாபுரத்தையும் ஆனையூரையும் திருப்பரங்குன்றத்தையும் சேர்த்துக்கொண்டது. இப்படி எல்லை நகரும்போதும் புதிய மக்கள்தொகைக் கணக்கு நடைமுறைக்கு வரும்போதும், நேற்றுவரை சிறுநகர்க் கிளையாக எண்ணப்பட்ட ஒன்று இடம் மாறாமலேயே வேறு பிரிவுக்குப் போகும். "மாவட்டத்தில் சிறுநகர் டெபாசிட் சரிவு" என்று யாராவது சொன்னால், அட்டவணை எந்த மக்கள்தொகைக் கணக்கின்படி பிரிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

தேதியும் கவனிக்க வேண்டியது. ஆரம்ப காலப் படிவங்கள் ஜூன், டிசம்பர் மாதங்களுக்கானவை. 1990 முதல் ஆண்டுக் கணக்கு மார்ச் 31க்கு மாறியது. மார்ச் இறுதி என்பது வங்கிகள் இலக்கை எட்டுவதற்காக மூச்சைப் பிடித்து ஓடும் நாள். அன்று வந்து ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியேறும் டெபாசிட் எல்லா ஊரிலும் உண்டு. மதுரைக்கு இன்னொரு தாளமும் இருக்கிறது. தீபாவளிக்கு முன் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளின் நடப்புக் கணக்கு பொங்கும். பெரியாறு பாசனத்தில் விளையும் மேலூர்ப் பக்கம் தை அறுவடைக்குப் பிறகு கையில் காசு புரளும். ஆடியில் கடைத்தெரு மெலியும். ஆகவே செப்டம்பரைச் செப்டம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் மார்ச்சை விட்டுவிட்டு செப்டம்பர் காலாண்டை எடுப்பேன்.

வட்டி செய்யும் வேலை

இனி விலைவாசி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் டெபாசிட் செய்தியில் யாரும் இதைக் கழிப்பதில்லை. 100 கோடி ரூபாய் டெபாசிட் உள்ள ஒரு கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுகளில் ஒருவர்கூடப் புதிதாக ஒரு ரூபாய் போடவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. 7 சதவீத வட்டி கூட்டுவட்டியாகச் சேர்ந்துகொண்டே வந்தால் பத்தாவது ஆண்டில் அது 197 கோடி ஆகிவிடும். கிளை மேலாளருக்குப் பாராட்டுக் கடிதம் வரும். அதே பத்தாண்டில் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறியிருந்தால், அந்த 197 கோடியின் வாங்கும் சக்தி பழைய 110 கோடிக்குச் சமம். இரட்டிப்பு என்று தெரிந்தது உண்மையில் பத்து சதவீத வளர்ச்சி. அதை மக்கள்தொகையால் வகுத்தால் இன்னும் சுருங்கும். எனவே ஒரு மாவட்டத்தின் டெபாசிட் ஆண்டுக்கு 7, 8 சதவீதம் ஏறுகிறது என்றால், புதுச் சேமிப்பு ஏறக்குறைய எதுவும் சேரவில்லை என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது.

வளர்ச்சி விகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டெபாசிட்டின் உள்கட்டமைப்பு. வங்கியில் மூன்று வகை: வியாபாரிகள் அன்றாடம் போட்டு எடுக்கும் நடப்புக் கணக்கு, குடும்பங்களின் சேமிப்புக் கணக்கு, வட்டிக்காகப் பூட்டி வைக்கும் ஃபிக்ஸட் டெபாசிட். நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. ஆகவே அதில் பணம் சும்மா தூங்காது. கீழமாசி வீதியின் மொத்த வியாபாரமும் மாட்டுத்தாவணி கமிஷன் மண்டிகளும் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளும் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள நடப்புக் கணக்கின் பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம். மொத்தத்தில் அது சிறு துண்டுதான். ஆனால் ஊரின் நாடி அதில்தான் துடிக்கிறது.

ஃபிக்ஸட் டெபாசிட் வேறு கதை சொல்லும். கே.கே.நகர், தல்லாகுளம் போன்ற இடங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர், ரயில்வே ஊழியர், மில் தொழிலாளி ஆகியோரின் பணிக்கொடையும் வருங்கால வைப்புநிதியும் வந்து தங்குவது இந்தக் கணக்கில். இது முப்பது ஆண்டு உழைப்பின் மிச்சம். இன்றைய மதுரையின் சம்பாத்தியத்தைக் காட்டாது. இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. ஒரு மில் மூடும்போது நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் இழப்பீடு கிடைக்கும். பெரும்பாலோர் அதைக் கொண்டுபோய்ப் போடுவது ஃபிக்ஸட் டெபாசிட்டில். வேலை போன காலாண்டில் டெபாசிட் ஏறும். நாலுவழிச் சாலைக்கும் விமான நிலைய ஓடுதள விரிவாக்கத்துக்கும் நிலம் கொடுத்தவர்களின் கணக்கும் அப்படியே. விளைநிலம் போய் அதன் விலை வங்கிக்கு வந்தால் அட்டவணைக்கு அது வரவு. ஆகவே நடப்புக் கணக்கின் பங்கு தேய்ந்து, ஃபிக்ஸட் டெபாசிட்டின் பங்கு வளர்ந்துகொண்டே போகும் ஊரைப் பார்த்தால் நான் மகிழமாட்டேன். அந்த ஊர் பழைய உழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ என்று கவலைப்படுவேன்.

இதற்கு உச்சமான உதாரணம் 2016. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 30 வரை வங்கியில் போடலாம். வீட்டில், கடையில், மண்டியில் இருந்த ரொக்கம் எல்லாம் வரிசையில் நின்று வங்கிக்குள் போனது. நாடு முழுவதும் அந்தக் காலாண்டு டெபாசிட் வரைபடத்தில் ஒரு செங்குத்தான படி தெரியும். அந்த நாட்களில் பூச்சந்தையிலும் காய்கறி மார்க்கெட்டிலும் ரொக்கத்தில் ஓடிய வியாபாரம் எப்படித் திணறியது என்று மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். போதாக்குறைக்கு அந்த வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது; 2017 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. டெபாசிட் உச்சத்தில், ஊர் தவிப்பில்.

2020இலும் இதே திசைதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊரடங்கு. ஜூன் இறுதியில் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. செலவழிக்க வழியில்லாதபோது சம்பளம் வந்தவர்களின் பணம் கணக்கிலேயே கிடந்தது. அந்தக் காலாண்டில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு நாட்டின் உற்பத்தி மதிப்பில் 21 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. வருமானம் நின்ற ஆட்டோ ஓட்டுநரும் சமையல் மாஸ்டரும் இந்தச் சராசரிக்குள் காணாமல் போனார்கள். பிறகு 2022-23இல் நிகர நிதிச் சேமிப்பு 5 சதவீதத்தை ஒட்டிய அளவுக்கு விழுந்தது. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு காலாண்டை மட்டும் காட்டுபவரை நம்பாதீர்கள்.

இங்கே சேர்ந்து அங்கே போன பணம்

பணம் எங்கே சேர்கிறது என்பதும் எங்கே உழைக்கிறது என்பதும் வேறு வேறு என்பதை இந்தப் பகுதிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் செட்டிநாடு அதற்கு உலகப் பாடம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் பெட்டகம் காரைக்குடிப் பக்கம், கடன் கொடுத்தது பர்மாவில். சொந்தப் பணத்தோடு உறவினரும் தெரிந்தவரும் போட்டுவைத்த மேம்பணமும் சேர்ந்து அந்த வியாபாரத்தின் முதல் ஆனது. நடப்பு வட்டியை ரங்கூனில் கோயிலில் மாதந்தோறும் கூடி நிர்ணயித்தார்கள். 1929க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பித்தர முடியவில்லை; நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் வசமிருந்த நிலம் 1938க்குள் 25 சதவீதம் ஆனது. ரொக்கம் வேண்டியவர்கள் கையில் மண் வந்து சேர்ந்தது. அந்த மண்ணை இழந்தவர்களின் கோபமும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் நிலம் தேசியமயமானது.

அன்றைக்கு ஒரு டெபாசிட் அட்டவணை இருந்திருந்தால் செட்டிநாடு சென்னை மாகாணத்திலேயே செழிப்பான பகுதியாகத் தெரிந்திருக்கும். அந்தச் செழிப்பின் ஆணிவேர் ஐராவதி ஆற்றங்கரை நெல்லில் இருந்தது என்பதை அந்த அட்டவணை காட்டியிருக்காது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சித.மு.சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களில் கதவு திறந்தது. சேரும் இடமும் போகும் இடமும் எவ்வளவு தள்ளியிருந்தன என்பதற்கு அந்த மூன்று பெயர்களே போதும்.

மதுரைக்குச் சொந்தமாக ஒரு வங்கி இருந்தது. ஆலை அதிபரும் கல்வி நிறுவனங்கள் கண்டவருமான கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1943இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா. 2001இல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. இணைப்பால் மதுரைக் கிளைகளின் டெபாசிட் எங்கும் ஓடிவிடவில்லை. மாவட்ட அட்டவணையில் தழும்புகூடத் தெரியாது. ஆனால் இந்த வட்டாரத்து ஆலைகளையும் வியாபாரக் குடும்பங்களையும் தலைமுறையாக அறிந்த ஒரு நிறுவனம் கடன் கொடுப்பதும், மும்பையில் வகுத்த மதிப்பெண் முறையின்படி ஒரு வங்கி கடன் கொடுப்பதும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். புதிய முறையில் நன்மைகளும் உண்டு. தெரிந்தவருக்கு மட்டும் கடன் என்ற பழைய வழக்கம் உடைந்தது. ஆயினும் கடன் முடிவு எந்த ஊரில் எடுக்கப்படுகிறது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் எந்தப் படிவத்திலும் பத்தி இல்லை. ஒரு வட்டாரத்தின் பண நலத்தில் அது பாதி என்பேன்.

கடன் எங்கே போகிறது என்பதற்காவது ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதல் படிவம் கடனை இரண்டு விதமாகப் பதிவு செய்கிறது: அனுமதித்த இடம், பயன்படுத்திய இடம். சென்னையில் ஒரு பெரிய கிளை கொடுத்த கடனில் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை எழுந்தால், முதல் கணக்கில் அது சென்னைக் கடன். இரண்டாவதில் மதுரைக் கடன். செய்திகளில் வருவது பெரும்பாலும் முதல் கணக்கு. வட்டாரத்தின் நிலையை அறிய வேண்டியவருக்குத் தேவை இரண்டாவது.

நகைக்கடன்

டெபாசிட்டில் நூற்றுக்கு எவ்வளவு கடனாகப் போகிறது என்ற விகிதத்தைத்தான் எல்லாக் கூட்டங்களிலும் பேசுவார்கள். நாட்டுச் சராசரி 75, 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது தமிழ்நாட்டில் அது 100ஐத் தாண்டி நிற்கிறது. இங்கே போடும் பணம் முழுவதும் இங்கேயே கடனாகி, வெளியிலிருந்தும் கொஞ்சம் வருகிறது என்று பொருள். கேரளத்தில் வளைகுடாப் பணம் குவிந்தும் விகிதம் நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்தது. 40க்குக் கீழே போகும் மாவட்டங்களுக்குத் தனித் துணைக்குழு அமைத்துக் கவனிக்க வேண்டும் என்று 2005இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அந்தக் கவலை நம் பக்கம் இல்லை. விகிதம் உயர்ந்திருப்பதால் நலம் என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் நகைக்கடன் குறுக்கே வருகிறது.

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தக் கிளைக்குப் போனாலும் நகை மதிப்பீட்டாளர் முன்னால் ஒரு வரிசை இருக்கும். விதைப்புக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு பழைய கடனை அடைக்க. காரணம் எதுவாக இருந்தாலும் கழுத்தில் கிடப்பது கவுண்டருக்கு வரும். இதில் பெரும்பகுதி விவசாய நகைக்கடன் என்ற தலைப்பில் பதிவாகும். இப்போது யோசித்துப் பாருங்கள். நம் குடும்பங்களின் மிகப் பெரிய சேமிப்பு தங்கம். அது வீட்டில் இருக்கும்வரை எந்த டெபாசிட் அட்டவணையிலும் இல்லை. என்றைக்கு அடகுக்குப் போகிறதோ அன்றைக்கு முதன்முறையாகப் புள்ளிவிவரத்துக்குள் நுழைகிறது, அதுவும் கடனாக. ஒரு தாய் இருபது ஆண்டுகளாகச் சேர்த்ததை வங்கிக் கணக்கு அவள் கடன்பட்டவளாக மட்டுமே அறிகிறது.

விலை ஏறும்போது இது இன்னும் தடம்புரளும். 2015இல் ஒரு பவுன் ஏறக்குறைய 20,000 ரூபாய். 2025இல் 70,000ஐத் தாண்டியது. மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் என்று அப்போது இருந்த வரம்பில் பார்த்தால், அன்று 15,000 ரூபாய் வாங்கித் தந்த அதே பவுன் பத்தாண்டில் 50,000க்கு மேல் வாங்கித் தரும். வயல் கூடவில்லை, தறி கூடவில்லை, கடை கூடவில்லை. கடன் விகிதம் மட்டும் ஏறிவிடும். நகைக்கடனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக் கடனை டெபாசிட்டோடு ஒப்பிடும் ஓர் அட்டவணை மதுரை மாவட்டத்துக்கு வேண்டும். சிறுதொழிலுக்கும் நெசவுக்கும் சுங்குடிச் சாயப்பட்டறைக்கும் உண்மையில் எவ்வளவு போகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

விகிதத்தைக் குழப்பும் வேறு சிலவும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016இல் நுண்கடன் நிறுவனங்கள் சிறுநிதி வங்கிகளாக மாறத் தொடங்கியதும், அதுவரை வங்கிக் கணக்குக்கு வெளியே இருந்த கடன் உள்ளே வந்தது. 2023 ஜூலையில் ஹெச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது, ஒரே நாளில் நாடெங்கும் வங்கிக் கடன் எண் துள்ளியது. யாரும் புதிதாக வீடு கட்டிவிடவில்லை.

கணக்கில் வராதவை

இதுவரை பேசியது வணிக வங்கிகளும் கிராம வங்கியும் மட்டும். அஞ்சலகச் சேமிப்பு இதில் இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும், ஊர்தோறும் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த அட்டவணையில் இல்லை. கிராமத்து மூதாட்டியின் முதல் கணக்கு அநேகமாக இவற்றில் ஒன்றில்தான் இருக்கும். சீட்டு, தண்டல், கந்துவட்டி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. டெபாசிட் ஆண்டுதோறும் ஏறிவந்த ஒரு மாநிலத்தில் அப்படியொரு சட்டத்துக்குத் தேவை இருந்தது என்பதை அட்டவணையின் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் பூட்டிவைக்கும் குடும்பமும், தினத் தண்டலுக்குக் கடன் வாங்கும் குடும்பமும் ஒரே தெருவில் வாழ்கின்றன. மாவட்டச் சராசரி இருவரையும் கூட்டி வகுத்துவிடுகிறது.

உசிலம்பட்டிப் பக்கமும் தேனிப் பக்கமும் செய்முறை என்ற வழக்கம் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபுகுதல் என்று விசேஷம் வைப்பவருக்கு உறவும் ஊரும் பணம் எழுதும். நோட்டில் பேரும் தொகையும் பதிவாகும். எழுதியவர் வீட்டில் விசேஷம் வரும்போது கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பெரிய விசேஷங்களில் புரளும் தொகை ஒரு சிறு கிளையின் மாதச் சேமிப்புக்குச் சவால் விடும். வட்டி, தவணை, நம்பிக்கை, கெட்டுப்போனால் வரும் அவமானம் எல்லாம் அதில் உண்டு. வங்கி அதைப் பார்ப்பதோ, விசேஷத்துக்கு மறுநாள் வந்து விழும் ரொக்கமாக மட்டும்.

தொண்ணூறுகளில் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் பெண்கள் களஞ்சியம் என்ற பெயரில் சேமிப்புக் குழுக்களாகச் சேர்ந்து சிறுகச் சிறுகப் போட்டு, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கி வாசலுக்கு வந்தார்கள். 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, இத்தகைய குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு குழு, ஒரு கணக்கு. உள்ளே இருபது பெண்கள். தொகையைப் பார்த்தால் அற்பம். ஆனால் ஒரு வட்டாரத்தின் பண நலம் என்று நான் சொல்வது இதைத்தான்: அவசரத்துக்குத் தண்டல்காரரிடம் போகாமல் இருக்க முடிகிற நிலை. அது கோடிகளின் கூட்டுத்தொகையில் தெரியாது. கணக்குகளின் எண்ணிக்கை, சராசரித் தொகை, பெண்கள் பெயரில் உள்ள பங்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். இரண்டாம் படிவம் இந்தப் பிரிவுகளைத் தருகிறது, ஆண், பெண் வாரியாகவும். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்குகளும், 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வரும் மகளிர் உரிமைத் தொகையும் எண்ணிக்கையை உயர்த்தியிருக்கும். வந்த பணம் அன்றே ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறதா, கணக்கில் ஏதாவது தங்குகிறதா என்பது அடுத்துக் கேட்க வேண்டியது.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் ஒரு பெரிய குறை மீதமிருக்கிறது. பொதுவில் கிடைக்கும் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உண்டு. பெரியாறு வாய்க்கால் பாயும் அலங்காநல்லூரும் வாடிப்பட்டியும் ஒரு உலகம். மானாவாரியை நம்பும் சேடபட்டியும் தே.கல்லுப்பட்டியும் கள்ளிக்குடியும் இன்னொரு உலகம். நகரத்துக் கிளைகளின் எடை கூடுதலாக இருப்பதால், சேடபட்டியில் டெபாசிட் தேங்கினாலும் மாவட்ட எண்ணில் அது தெரியவே தெரியாது. உசிலம்பட்டி விவசாயி வங்கி வேலைக்காக மதுரைக்கு வந்து போட்டால், அவர் சேமிப்பும் நகரத்துச் சேமிப்பாகிவிடும்.

வட்டார அளவில் கணக்கு இல்லாமல் இல்லை. முன்னோடி வங்கித் திட்டத்தின்கீழ் ஒன்றியந்தோறும் வங்கியாளர் கூட்டம் நடத்த வேண்டும். அதற்குக் கிளைவாரி எண்கள் தயாராகும். அந்த அட்டவணைகள் கூட்டம் முடிந்ததும் கோப்புக்குள் போகின்றன. 13 ஒன்றியங்களுக்கும் காலாண்டுதோறும் நான்கு எண்கள் போதும்: வகைவாரி டெபாசிட், கணக்குகளின் எண்ணிக்கை, நகைக்கடன், நகைக்கடன் நீங்கலான கடன். மாவட்ட இணையதளத்தில் அவற்றை ஏற்ற அதிகச் செலவு ஆகாது. அமெரிக்கன் கல்லூரி, தியாகராஜர் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர்கள் கையில் அது கிடைத்தால், சேடபட்டிக்கும் தல்லாகுளத்துக்கும் இடையில் உள்ள தூரம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒரே பருவத்தில் சொல்லிவிடுவார்கள். அடுத்த ஆண்டுக் கடன் திட்டத்தை வெளியிடும் கூட்டத்தில் செய்தியாளர்கள் கலெக்டரிடம் இந்த அட்டவணையைக் கேட்கலாம்.